மேயர் மீது விழுந்த பழி

மில்துராவில் எலுமிச்சை மரத்து வீட்டில், ஒரு காது மட்டுமே கேட்டாலும் ஊர்ச் செய்தி அத்தனையும் அறிந்து வாழும் என் தங்கை டல்சிக்கு,

உன் அண்ணன் ஆர்ச்சி வாயால் சொல்ல, நெவில் கையால் எழுதுவது. இங்கே நானும் என் இரண்டு முழங்கால்களும் இருக்கிறோம். அங்கே நீயும், உன் கோழிகளும், பக்கத்து வீட்டுக்காரனோடு உனக்குள்ள வேலிச் சண்டையும் குறைவில்லாமல் இருக்க வேண்டுகிறேன். இங்கே காலையில் புல்லெல்லாம் உறைந்து வெள்ளையாகக் கிடக்கிறது. போன முறை நீ அனுப்பிய ஆரஞ்சு ஜாம் நன்றாக இருந்தது, மூடியைத் திறக்கத்தான் இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

நெவிலை உனக்குத் தெரியாது. நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். வேலை முடிந்த கிழவர்கள் கூடி, கொஞ்சம் மரவேலை செய்து நிறையத் தேநீர் குடிக்கிற கொட்டகை ஒன்று இந்த ஊரில் இருக்கிறது. மற்றவர்கள் கிளிக்கூடு அடித்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் மூலையில் உட்கார்ந்து இதை எழுதுகிறோம். அப்பா ஆட்டு ரோமம் கத்தரிக்க ஊர் ஊராக நம்மை இழுத்துக்கொண்டு போனதில், நீயாவது ஹே ஊரில் ஒரு கன்னியாஸ்திரீயிடம் நாலு எழுத்துப் படித்தாய். எனக்குக் கிடைத்தது கத்தரி. அதற்கு நான் என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை. வெட்கப்பட வேறு விஷயம் இருக்கிறது, அதற்குத்தான் வருகிறேன். போனில் சொல்லித் தொலைக்கலாமே என்பாய். போன் சமையலறையில் இருக்கிறது. உனக்கு ஒரு காது. நான் கத்த வேண்டும். இது கத்திச் சொல்லக்கூடிய சமாச்சாரம் இல்லை.

என் பேத்தி கெரினுக்கு மாதம் நிறைந்துவிட்டது. இந்த மாதக் கடைசி என்கிறார் டாக்டர், அவள் நடக்கிற நடையைப் பார்த்தால் அதற்கு முன்பே என்கிறேன் நான். அவள் புருஷன் டேமியன் மேற்கே சுரங்கத்துக்கு விமானம் ஏறிப் போகிறவன், இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. ஆக வீட்டில் இருப்பது அவள், நான், நான்கு பூனைகள். பிஸ்கட், டாலி, சார்ஜென்ட் என்று மூன்று. நான்காவது மேயர். செம்பழுப்பு நிறம், அகலமான முகம், எதற்கும் அவசரப்படாத நடை. மற்ற மூன்றையும் அது இது என்போம், மேயரை மட்டும் அவர் என்போம். அது போய்ச் சேர்ந்த என் மனைவி ஊனா ஏற்படுத்திய வழக்கம். அவள் கடைசியாகப் படுத்திருந்தபோது அவள் காலடியை விட்டு நகராமல் கிடந்தவர் அவர்தான் என்பது உனக்கும் தெரியும், நீயும் வந்திருந்தாய், அவரை மிதித்தாய்.

முன்பெல்லாம் இந்தப் பூனைகளின் கழிப்பிடம் எங்கே என்று எங்களுக்குக் கவலை இருந்ததில்லை. பக்கத்து வீட்டு ஹாலோரன் அம்மாளின் கேரட் பாத்தியில் முடித்துவிட்டு வரும். அந்தக் கேரட்டை அவள் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்ததையும் நீயும் நானும் விரும்பிச் சாப்பிட்டதையும் இப்போது நினைக்க வேண்டாம். இப்போது நகராட்சி சட்டம் போட்டுவிட்டது, பகலோ இரவோ பூனை வேலியைத் தாண்டக் கூடாது. பறவைகளுக்கு நல்லதாம். இருக்கட்டும். நான்கும் வீட்டுக்குள் வந்துவிட்டன, மணல் தொட்டிகளும் வந்தன. அதே சமயத்தில் டாக்டர் கெரினிடம், கர்ப்பிணிப் பெண் பூனை மணலைத் தொடவே கூடாது, அதில் இருக்கிற கிருமி வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டேமியன் சுரங்கத்தில். மிச்சம் யார்?

"தாத்தா, உங்களால முடியுமா?" என்றாள்.

"ஏம்மா, ஒரு நாளைக்கு இருநூறு ஆட்ட உருட்டி ரோமம் கத்தரிச்சவன் நான். நாலு பூனை என்னைய என்ன பண்ணிடும்?"

"அது ஆடு, தாத்தா."

"நாலு காலு இருக்குல்ல?"

இங்கேதான் ஆரம்பித்தது. மிருக வைத்தியம் பார்க்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், சின்னப் பெண், கையெல்லாம் கீறல். எத்தனை பூனையோ அதற்கு ஒன்று கூடுதலாகத் தொட்டி வை என்று போனில் சொன்னாள். ஐந்து தொட்டி. வைத்தால் ஒழுங்காக வைக்க வேண்டாமா? துணி துவைக்கும் அறையில் ஐந்தையும் ஒரே வரிசையாக வைத்து, நடுவே பலகை தடுத்து, முன்னால் ஒவ்வொன்றாக வரும்படி குறுகலாக ஒரு வழி அமைத்து, அதற்கு ஆடும் கதவு ஒன்றும் போட்டேன், நம் லாக்லன் ஆற்றங்கரைக் கொட்டகையில் ஆடுகள் கத்தரிக்க வருமே அதே மாதிரி. இந்தக் கிழவர்கள் கூட்டமே வந்து பார்த்தது. நெவில் கதவை இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு, இதை நகராட்சியே வந்து பார்க்கணும் என்றான். இப்போது அப்படிச் சொல்லவே இல்லை என்கிறான். சொன்னான் டல்சி, தேநீர்க் கோப்பையோடு நின்று சொன்னான், எனக்கு எதுவும் மறப்பதில்லை.

பூனைகளும் வந்து பார்த்தன. முதலில் வந்தவர் மேயர். அவர் அந்தக் கதவு வாசலில் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான். கத்தவில்லை, சீறவில்லை, சும்மா உட்கார்ந்தார். சார்ஜென்ட் வந்தது, அவர் முகத்தைப் பார்த்தது, திரும்பிவிட்டது. டாலி வாசல்வரைகூட வரவில்லை. பிஸ்கட் ஒரு பகல் முழுக்க அடக்கிவைத்துக்கொண்டு கண்ணைப் பிதுக்கிக்கொண்டு திரிந்தது. பிறகு மூன்றும் பேசி முடிவெடுத்தாற்போலக் குழந்தை அறைக்குள் போயின. அந்த அறையில் என்ன இருந்தது தெரியுமா? நான் வைத்திருந்த ஆட்டுக்குட்டித் தோல். கெரின் அம்மா படுத்ததும் அப்படி ஒரு தோலில்தான், கெரின் படுத்ததும் அப்படி ஒன்றில்தான். இந்தப் பிள்ளைக்கென்று பழைய முதலாளி மகனிடம் கேட்டு வாங்கி, நானே பதப்படுத்தி, சீவிச் சீவி மேகம் மாதிரி ஆக்கித் தொட்டிலில் விரித்திருந்தேன். மூன்று பூனைகளும் அதற்கே ஓட்டுப் போட்டன. துவைத்தேன், வெயிலில் காயப்போட்டேன், விரித்தேன், மறுபடியும் ஓட்டு விழுந்தது. பிள்ளைக்குக் கட்ட வைத்திருந்த அணைத்துணி அடுக்கும் போயிற்று. குழந்தையைக் குளிப்பாட்டும் சின்னத் தொட்டியைப் பார்த்து இது நமக்குத்தான் என்று டாலி நினைத்துக்கொண்டது. அதன் மேல் தப்பில்லை, பார்க்க அப்படித்தான் இருந்தது.

ஊனா எந்தக் கறைக்கும் அம்மோனியாதான் போடுவாள். அலமாரியில் பழைய பாட்டில் இருந்தது. அந்த அறையின் தரை, சுவர் ஓரம், தொட்டில் கால் எல்லாம் முட்டி போட்டுத் தேய்த்தேன். கண்ணில் நீர் வழிந்தது, சுத்தமென்றால் இது சுத்தம் என்று நினைத்தேன். அடுத்த நாள் நான்கு மூலையிலும் ஈரம். கெரின் வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வைத்தியப் பெண் வீட்டுக்கே வந்து மோந்து பார்த்தாள்.

"யாரு இங்க அம்மோனியா போட்டது?"

"நான்தாம்மா. சுத்தமா இருக்கட்டும்னு."

"நீங்க சுத்தம் பண்ணல தாத்தா. 'வாங்க, இதான் இடம்'னு போர்டு மாட்டியிருக்கீங்க. பூனை மூக்குக்கு இது மூத்திர வாசனை." பிறகு துவைக்கும் அறையைப் பார்த்தாள். பலகையையும் ஆடும் கதவையும் ரொம்ப நேரம் பார்த்தாள். "இது என்ன?"

"வரிசை."

"அஞ்சையும் ஒரே எடத்துல வச்சா அதுங்களுக்கு அது ஒரே தொட்டிதான். வாசல்ல ஒருத்தர் உக்காந்தா கத முடிஞ்சுது. ஆளுக்கொரு மூலையா பிரிச்சு வைங்க. ஆட்ட ஓட்டுற மாதிரி பூனைய ஓட்ட முடியாது."

"அதத்தான் நான் மொதல்லயே சொன்னேன்" என்றாள் பின்னால் கெரின்.

பிரித்து வைத்தேன். அவள் கொடுத்த மருந்து நீரைப் போட்டுக் கழுவினேன். மூன்றும் அடங்கிவிட்டன. டல்சி, இது வரைக்கும் சொன்னது முட்டாள்தனம். முட்டாள்தனத்தைச் சிரித்துக் கழித்துவிடலாம். இனிமேல் சொல்லப்போவதை நீ உட்கார்ந்து படி, கதவைச் சாத்திக்கொண்டு படி.

ஜன்னலோரம் என் சாய்வு நாற்காலி இருக்கிறதல்லவா, அதில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நம் அணி தோற்றுக்கொண்டிருந்ததால் தூங்கிவிட்டேன். மடியில் மேயர். விழித்தபோது இடுப்புக்குக் கீழே கதகதப்பாக இருந்தது. மேயரின் சூடு என்று நினைத்தேன். பிறகு ஈரம் தெரிந்தது. மேயரைத் தூக்கித் தடவிப் பார்த்தேன். டல்சி, மேயர் காய்ந்திருந்தார்.

இந்த இடத்தில் நெவில் பேனாவை வைத்துவிட்டான்.

"ஆர்ச்சி, இத எழுதணுமாடா?"

"எழுது."

"நாப்பது வருஷம் கோர்ட்ல இருந்தேன். கேக்காமலே ஒருத்தன் இப்படி ஒத்துக்கிட்டு நான் பாத்ததில்லடா."

"எழுதுடா."

எழுதினான். எழுதிவிட்டுக் கிளிக்கூடு அடிக்கிறவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "எனக்கும் ஈஸ்டர்ல இருந்து அப்பப்ப" என்றான். இதை மட்டும் எழுத வேண்டாம் என்று இப்போது கெஞ்சுகிறான். நான் சொல்வதைச் சொன்னபடி எழுதுவேன் என்று பைபிள் மேல் கைவைத்த ஆள், எழுதுகிறான்.

அந்தச் சமயம் பார்த்துக் கெரின் தேநீரோடு வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். "அடக் கெழவா! என்ன காரியம் பண்ணி வச்சிருக்க!" என்றாள். எனக்கு உயிர் நின்றுவிட்டது. அப்புறம்தான் கவனித்தேன், அவள் மேயரைப் பார்த்துச் சொல்கிறாள். மேயர் என்னைப் பார்த்தார். அப்போது எனக்கு வாய் இருந்தது, அதில் பல்லும் பாதிக்கு மேல் இருந்தது, ஆனால் வர வேண்டிய வார்த்தை வரவில்லை. வந்தது என்ன தெரியுமா? "வயசாயிடுச்சில்ல, பாவம், அவரு என்ன பண்ணுவாரு?" என்றேன். என் கால்சட்டையைக் காட்டி, "எம்மேலயும் போயிட்டாரு பாரு" என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது.

அதோடு நின்றிருந்தால்கூட ஒரு மனுஷனாக உனக்கு முகம் காட்டுவேன். இரண்டாம் முறை நடந்தபோது மேயர் பக்கத்திலேயே இல்லை. துவைக்கும் இயந்திரத்தின் மேல் வெயிலில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் கால்சட்டையை மாற்றிக்கொண்டு, போய், தூங்குகிறவரை இரண்டு கையாலும் தூக்கி வந்து அந்த ஈரத்தின் மேல் வைத்தேன். ஊனாவின் பூனையை. அவருக்கு என் மேல் எவ்வளவு நம்பிக்கை என்றால், கண்ணைத் திறக்காமலே உர்ர் உர்ர் என்று சந்தோஷமாகச் சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்.

பிறகு வைத்தியப் பெண் மேயரின் சிறுநீரைப் பிடித்துவரச் சொன்னாள். சூப் கரண்டியோடு நான் அவர் பின்னால் சுற்றினேன். அவர் உட்காருவார், நான் கரண்டியை நீட்டுவேன், அவர் எழுந்து, இதெல்லாம் உன் வயசுக்குத் தகுமா என்பதுபோலப் பார்த்துவிட்டு அடுத்த தொட்டிக்குப் போவார். ஒருவழியாகப் பிடித்தேன். சோதித்துவிட்டு அவள், "இவருக்குக் கிட்னி குட்டிப் பூனை மாதிரி இருக்கு" என்றாள். எனக்குச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. உடம்பில் குறையில்லை என்றால் மனசில்தான் குறை, வரப்போகிற பிள்ளை மேல் பொறாமை என்று முடிவாயிற்று. மனம் அமைதியாக ஒரு மாத்திரை. தினமும் அவரைத் துண்டில் சுற்றி, வாயைப் பிளந்து, அதைப் போடுகிற வேலை எனக்கு. என் நோய்க்கு அவர் மாத்திரை தின்கிறார், டல்சி. துப்புவதுமில்லை.

போன வாரம் சுரங்கத்திலிருந்து டேமியன் போனில் தீர்ப்புச் சொல்லிவிட்டான். அவன் மாமாவின் பால் பண்ணையில் மேயரைக் கொண்டுபோய் விடுவதாம், வருகிற சனிக்கிழமை. "எலி புடிச்சுக்கிட்டு ஜாலியா இருப்பாரு, தாத்தா." மேயரா? எலி அவர் தட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் குளிரில், வைக்கோல் கொட்டகையில், இந்த வயசில் அவர் எத்தனை நாள் தாங்குவார்? கெரின் போனை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"நீங்க என்ன சொல்றீங்க, தாத்தா?"

"உங்க இஷ்டம்மா."

"நெஜமாவா?"

"பிள்ளைக்கு எது நல்லதோ அது."

"வேற ஏதாவது எங்கிட்ட சொல்லணுமா?"

தேநீர் ஆறிவிட்டது என்று சொன்னேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். கெரினின் அம்மா போன நாளிலிருந்து அந்தப் பெண்ணை வளர்த்தவன் நான். அவள் ஈரத்துணியை மாற்றியவன் நான். அந்த வீட்டில் இப்போது அணைத்துணி அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பங்கு எனக்கும் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

ஆகையால் நான் உன்னைக் கேட்பது இதுதான். நீ உன் காலை உடைத்துக்கொள். நிஜமாக வேண்டாம், வாயால் போதும். கோழிக்கூண்டுப் படியில் வழுக்கிவிட்டது, தனியாக இருக்கிறேன், அண்ணன் உடனே வந்து துணைக்கு இருக்கட்டும் என்று கெரினுக்கு ஒரு போன் போடு. சனிக்கிழமைக்கு முன்னால் போடு. துணைக்கு மேயரையும் அழைத்துப் போகிறேன் என்பேன். உன் பின்கட்டில் தகரக் கூரை போட்ட அறை எங்கள் இருவருக்கும் போதும். மெத்தைக்கு மேல் ஒரு ரப்பர் விரிப்பு போட்டு வை, எதற்கென்று யாரும் கேட்டால் மேயருக்கு என்று... இல்லை, அப்படிச் சொல்லாதே. எனக்கு என்றே சொல். பிள்ளை பிறக்கும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், அது ஒன்றைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நெவில், அந்த வரியை அடித்துவிடு. அடிக்க மாட்டேன் என்கிறான்.

இதற்கு நீ மறுக்கக் கூடாது. உனக்கு ஆறு வயசில், பூலிகல் பக்கத்துக் கொட்டகையில், ஒற்றைப்பல் டாம் என்ற சமையற்காரனின் மெத்தையில் மத்தியானம் நீ தூங்கி எழுந்தபோது என்ன நடந்தது என்பதும், பழி யாருடைய நாய்க்குட்டி மேல் போயிற்று என்பதும் எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது நெவிலுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

உன் முழங்கால் வலிக்காமலும், உன் எலுமிச்சை காய்க்காமல் விடாமலும், உன் பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் போடாமலும் ஆண்டவன் பார்த்துக்கொள்ளட்டும். கோழிகளுக்கு என் அன்பு. எனக்குக் கையெழுத்து இல்லாததால், ரோமப் பொதியில் நான் போட்டுவந்த முத்திரையைக் கீழே வரைந்திருக்கிறேன், ஒரு வட்டமும் அதற்குள் ஒரு கோடும். பார்த்தால் நாற்காலிக் கறை மாதிரி இருக்கிறது என்கிறான் நெவில். அவன் பேசக் கூடாது.

உன் வெட்கங்கெட்ட அண்ணன்,
ஆர்ச்சி பாஸ்கோ

பின்குறிப்பு: காலை உடைத்துக்கொள்ளாதே. தபால்தலை வாங்க மறந்து இந்தக் கடிதம் என் சட்டைப்பையிலேயே கிடந்தது, அதனால் மறுபடி உறையைப் பிரித்து நெவிலை எழுத வைக்கிறேன். வியாழக்கிழமை டேமியன் வந்துவிட்டான். மத்தியானம் கெரின், "தாத்தா, கொஞ்சம் எந்திரிங்க, அந்த நாற்காலிதான் முதுகுக்கு ஒத்துக்குது" என்று என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். மேயர் போய், வயிறு போக மிச்சமிருந்த அவள் மடியில் ஏறிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில், "ஐயோ, ஈரம்!" என்று கத்தினாள். சமையலறையிலிருந்து டேமியன் ஓடிவந்து, "மறுபடியுமா! இந்தப் பூனைய என்ன பண்றேன் பாரு!" என்றான். என் இரண்டு கையும் தானாக மேலே போயின. "நான் இல்ல! சத்தியமா இந்தத் தடவ நான் இல்ல!" என்றேன்.

"இந்தத் தடவயா?" என்றான் டேமியன்.

கெரின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், சிரித்துக்கொண்டே அலறுகிறாள். "பனிக்குடம் ஒடஞ்சிருச்சு டேமியன், மரம் மாதிரி நிக்காத, வண்டிய எடு!" பிறகு என் பக்கம் திரும்பி, "எனக்குத் தெரியும் தாத்தா. உங்க கால்சட்டைய யாரு தொவைக்கிறா, பூனையா?" என்றாள்.

"அப்ப மேயரு?"

"மேயரு எங்கயும் போகல. இவங்கிட்ட சொன்னா சுரங்கம் பூரா தெரிஞ்சிடும், நீங்களே சொல்லட்டும்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். சனிக்கிழம போறது நீங்கதான், டாக்டர்கிட்ட. பேரு குடுத்தாச்சு. சொல்றதுக்கு எத்தன தடவ எடம் குடுத்தேன், தேத்தண்ணி ஆறிடுச்சாம்ல, அம்மா!" அந்தக் கடைசி 'அம்மா' வலி வந்து கத்தியது.

பெண் குழந்தை. மூக்கு உன்னுடையது, சத்தம் நம் அப்பாவுடையது. நாற்காலி குப்பைமேட்டுக்குப் போய்விட்டது, எங்கள் இருவரில் யார் கறை எது என்று இனி யாரும் பிரிக்க முடியாது. டாக்டரிடம் நானும் போனேன், நெவிலும் வந்தான். மேயரின் மாத்திரை நின்றுவிட்டது, என்னுடையது தொடங்கியிருக்கிறது. நான் விழுங்கும்போது அவர் எதிரில் உட்கார்ந்து முழுங்கினேனா என்று பார்க்கிறார்.

ஆனால் ஒன்று கேள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடியிருக்க, ஹாலோரன் அம்மாள்கூட கேரட் கேக்கோடு வந்திருக்க, குழந்தையைப் புதிய நாற்காலியில் என் மடியில் வைத்தார்கள். அணைத்துணி கட்டியவன் டேமியன், அவன் கட்டிய லட்சணம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல கதகதப்பாக என் தொடை நனைந்தது. எழுந்து நின்றேன். அத்தனை பேரும் என் கால்சட்டையைப் பார்த்தார்கள்.

"பாப்பாதான்" என்றேன்.

"ஆமா தாத்தா, பாப்பாதான்" என்றான் டேமியன், மெதுவாக, அன்பாக, என் தோளைத் தட்டி. ஹாலோரன் அம்மாள் கேக்கைப் பார்த்தாள். நெவில் கூரையைப் பார்த்தான். நடந்ததை நேரில் கண்ட சாட்சி மேயர் ஒருவர்தான், என் காலடியில் இருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.